யாருக்கு வாக்களிப்பது என்று நம் பாட்டனார்கள் கேட்டபோது



சென்ற வாரம் இஷா தொழுகை முடிந்து மதரஸாவின் விளக்குகளை அணைக்கச் சென்றபோது, என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை வாசலில் காத்திருந்தார். பொதுத் தேர்தல் நெருங்குகிறது. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பதில் அவருக்கும் அவருடைய தம்பிக்கும் பிணக்கு. மூன்று வாரங்களாக ஒரே வீட்டில் ஸலாம்கூட இல்லையாம். "தம்பி நிற்கும் பக்கம் நின்றால் அது சமுதாயத்துக்குத் துரோகம் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், ஹஸ்ரத். மார்க்கத் தீர்ப்பு என்றால் அவன் கேட்பான்" என்றார்.

எழுதிக் கொடுக்க நான் இசையவில்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. படியில் அவரை அமர வைத்து, இதே கேள்வி நம் முன்னோர்முன் வந்து நின்ற வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அன்று சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

"எந்தக் கட்சிக்கு?" என்ற கேள்வி நம் சமுதாயத்தில் அத்தனை பழையதன்று. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி முறையை வழங்கியது. முஸ்லிம்களின் வாக்காளர் பட்டியல் தனியாக இருக்கும். அதில் பெயர் உள்ளவர்கள் முஸ்லிம் வேட்பாளர் ஒருவரையே தேர்ந்தெடுப்பார்கள். பட்டியலில் இடம்பெறச் சொத்தோ, வரியோ, படிப்போ வேண்டும். பாய் முடைபவரும் படகு வலிப்பவரும் அதில் இல்லை. அவர்களுடைய மனைவியர் இல்லவே இல்லை. ஊரில் சிலர் மட்டும் வாக்களித்தார்கள். அவர்களும் நம்மவருள் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். நெடுங்காலம் அது ஆளைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது.

கட்சியைப் பற்றிய கேள்வி நெருப்பாக மூண்டது 1945-46 தேர்தலில். முஸ்லிம் லீக் பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்து நின்றது. மத்திய சட்டமன்றத்தின் முஸ்லிம் தொகுதிகள் முப்பதையும் அது வென்றது. சென்னை மாகாணத்து முஸ்லிம் தொகுதிகளும் அதன் பக்கமே சாய்ந்தன. திருநெல்வேலிப் பேட்டை முஹம்மது இஸ்மாயீல் சாஹிப், பின்னாளில் காயிதே மில்லத் என்று நாம் அழைத்தவர், சென்னைச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அந்தத் தேர்தலில் ஆலிம்கள் எப்படி நின்றார்கள் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். மற்றவர்களும் அறிய வேண்டும். தேவ்பந்த் தாருல் உலூமின் தலைமை ஆசிரியராக இருந்து ஹதீஸ் பாடம் நடத்திய மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) பாகிஸ்தானை எதிர்த்தார். ஒரு நாட்டில் வாழும் பல மதத்தாரும் சேர்ந்து ஒரு தேசமாக இருக்க முடியும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதே தாருல் உலூமில் பயின்று, அங்கேயே பொறுப்பும் வகித்த மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானீ (ரஹ்) லீக்கை ஆதரித்து ஊர் ஊராகப் பேசினார். அங்கே தலைமை முஃப்தியாக இருந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்களும் லீக்கின் பக்கமே நின்றார். மதனீயும் உஸ்மானீயும் ஷைகுல் ஹிந்த் மஹ்மூத் ஹஸன் (ரஹ்) என்ற ஒரே ஆசானிடம் மண்டியிட்டு ஓதியவர்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே குர்ஆன், ஒரே ஸிஹாஹ் நூல்கள். முடிவு மட்டும் நேரெதிர்.

இவர்களுள் யாரை முனாஃபிக் என்பது? மதனீ அவர்களை அன்று சிலர் அப்படித்தான் அழைத்தார்கள். ரயில் நிலையங்களில் அவரை வழிமறித்து அவமதித்தவர்கள் கலிமா சொன்ன முஸ்லிம்களே. ஆண்டுகள் கடந்தன. இன்று எங்கள் மதரஸா அலமாரியில் உஸ்மானீ அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய ஃபத்ஹுல் முல்ஹிம் இருக்கிறது. முஃப்தி ஷஃபீ அவர்களின் மஆரிஃபுல் குர்ஆன் இருக்கிறது. நாட்டில் எத்தனையோ ஆலிம்களின் ஹதீஸ் ஸனது மதனீ வழியாகச் செல்கிறது. பாடம் நடத்தும்போது எந்த ஆசிரியரும் "இவர் அந்தத் தேர்தலில் எந்தப் பக்கம்?" என்று கேட்டு நூலைத் திறப்பதில்லை.

ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். தென்னாட்டு முஸ்லிம்கள் அன்று அளித்த வாக்கு, தாங்கள் வாழப்போகாத ஒரு நாட்டுக்காக அளிக்கப்பட்டது. தஞ்சையின் நெல்வயலை விட்டும் காயலின் கடற்கரையை விட்டும் பெரும்பாலோர் எங்கும் செல்லவில்லை. செல்லும் எண்ணமும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிரிவினையின் குருதி பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஓடியது. அதன் சந்தேகப் பார்வையோ இங்கே எஞ்சியவர்கள்மீது படிந்தது. உணர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, "இந்த வாக்கின் விளைவை யார் சுமப்பார்கள்?" என்று போதுமான அளவு கேட்கப்படவில்லை என்பதே என் கருத்து. மாறுபடுவோர் மாறுபடலாம். அன்றைய பெரியவர்களின் எண்ணத் தூய்மையை நான் ஐயுறவில்லை.

1947 டிசம்பரில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், இனி இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என்று பிரிந்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் பொறுப்பேற்றார். லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் கூட்டிய மாநாடோ, முஸ்லிம்கள் தமக்கெனத் தனி அரசியல் கட்சி வைத்துக்கொள்ள வேண்டாம். பொதுக் கட்சிகளில் இணையட்டும் என்று அறிவுறுத்தியது. வடநாட்டில் லீக் கரைந்துபோனது. 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் அரங்கில், எஞ்சியிருந்த உறுப்பினர்கள் கூடிக் கட்சியைத் தொடர்வதென்று முடிவெடுத்தனர். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரும், காயிதே மில்லத்தின் தலைமையும் அங்கே உருவாயின. அந்த மண்டபத்தின் படிக்கட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்த மார்ச் மாதம் என் நினைவுக்கு வரும். பிரிவினை முடிந்து ஓராண்டுகூட ஆகாத அந்நேரத்தில் லீக் என்ற பெயரைச் சுமப்பதற்கே துணிவு வேண்டியிருந்தது.

அடுத்த கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது: தனித் தொகுதி தொடர்வதா, ஒழிவதா? 1947 ஆகஸ்டிலேயே மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாஹிப் அதைக் கேட்டு வாதிட்டுத் தோற்றார். 1949 மே 25, 26 ஆகிய நாள்களில், இட ஒதுக்கீட்டையும் விட்டுவிடலாம் என்ற சிறுபான்மையோர் ஆலோசனைக் குழுவின் பரிந்துரை விவாதத்துக்கு வந்தது. குழுவின் தலைவர் சர்தார் படேல். காயிதே மில்லத் எழுந்து, ஒதுக்கீடு வேண்டும், அதை முஸ்லிம்களே வாக்களித்து நிரப்ப வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்துப் பேசியவர்களுள் பேகம் ஐஸாஸ் ரஸூல் ஒருவர். ஐக்கிய மாகாணத்து லீக்கிலிருந்து வந்த பெண்மணி. ஒதுக்கீடு சிறுபான்மையோரைப் பெரும்பான்மையோரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவைக்கும், அது நம்மையே அழிக்கும் ஆயுதம் என்பது அவர் வாதம். லாரி சாஹிப் இருவரினின்றும் வேறுபட்டு, வேறொரு தேர்தல் முறையை நாடினார். ஒரே லீக் பாசறையில் வளர்ந்தவர்களிடையே மூன்று கருத்து! காயிதே மில்லத்தின் திருத்தம் தோற்றது. தோற்றபின் அவர் அரசியலமைப்பைப் புறக்கணிக்கவில்லை. அதன்படி நடந்த தேர்தல்களில் தம் கட்சியை நிறுத்தினார். மாநிலங்களவை உறுப்பினராகவும், 1962 முதல் 1972இல் மறையும்வரை மஞ்சேரித் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும் அந்த அரசியலமைப்பின்மீதே உறுதிமொழி எடுத்தார்.

இவ்வாறாக 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. வயது வந்த எல்லாருக்கும் வாக்கு. ஒரே பட்டியல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டை உள்ளே இடலாம். இரட்டைக் காளைப் பெட்டியா, வேறு பெட்டியா? பர்தா முறையைப் பேணும் பெண்களுக்காகத் தனி வாக்குச்சாவடிகளும் பல இடங்களில் அமைக்கப்பட்டன.

ஆனால் அந்தத் தேர்தலில் பெண்கள் தொடர்பாக நேர்ந்த இழப்பு ஒன்றைப் பலரும் அறியார். பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் தம் பெயரைச் சொல்லப் பல பெண்கள் மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயரில்லாத பதிவு செல்லாது என்று உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வடமாநிலங்களில் நடந்தது இது. அவர்களுள் எல்லா மதத்தாரும் இருந்தனர். எந்தக் கட்சி என்று அவர்கள் வீட்டு ஆண்கள் திண்ணையில் எவ்வளவோ வாதிட்டிருப்பார்கள்.

தனித் தொகுதி போனபின், கட்சிகளோடு எப்படிச் சேர்வது என்பதற்கு ஒரே விடை இருக்கவில்லை. கேரளத்தைப் பாருங்கள். 1960இல் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்கக் காங்கிரஸோடு லீக் கைகோத்தது. வென்றபின் அமைச்சர் பதவி தர மறுத்த காங்கிரஸ், சபாநாயகர் நாற்காலியை மட்டும் தந்தது. சீதி சாஹிப் அதில் அமர்ந்தார். அவர் மறைந்ததும் சி. எச். முஹம்மது கோயா சபாநாயகராக வேண்டுமானால் கட்சி உறுப்பினர் பொறுப்பைத் துறக்க வேண்டும் என்றார்கள். 1967இல் அதே லீக், ஈ.எம்.எஸ். தலைமையிலான முன்னணியில் மார்க்சிஸ்டுகளோடு நின்றது. கோயா சாஹிப் கல்வி அமைச்சரானார். 1969 ஜூனில் மலப்புரம் மாவட்டம் பிறந்தது. ஏழாண்டில் எதிரி நண்பனானான். இதைச் சந்தர்ப்பவாதம் என்பார் உண்டு. என்னைக் கேட்டால், கட்சிகளை ஹலால், ஹராம் என்று அவர்கள் அட்டவணை போட்டு வைத்திருக்கவில்லை என்பேன்.

தமிழகத்தில் 1967 வந்தது. என் தாய்வழிப் பாட்டனாரை நாங்கள் நன்னா என்போம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் காமராஜரின் ஆள். காரணம் எளியது: அவருடைய பிள்ளைகள் நடந்துபோகும் தொலைவில் பள்ளிக்கூடம் வந்தது காமராஜர் ஆட்சியில், பகலில் அங்கே சோறும் போட்டார்கள். நன்னாவின் தம்பியோ மலாயா சபுராளி. பினாங்கில் பல்லாண்டு இருந்து திரும்பியவர். அவர் உதயசூரியன் பக்கம் போனார். காயிதே மில்லத்தின் லீக் அண்ணாவோடு கூட்டணி கண்டிருந்தது அவருக்கு ஒரு காரணம். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூடு இன்னொன்று. மூன்றாவது அரிசி. நெல் விளையும் தஞ்சையிலேயே அரிசிக்கு அலைய வேண்டியிருந்த காலம் அது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியைச் சின்ன நன்னா கடை வாசலில் நின்று உரக்கச் சொல்ல, "மூன்று படியை எங்கிருந்து கொண்டுவருவான்? கடைக்காரன் நான் சொல்கிறேன், நடக்காது" என்று நன்னா உள்ளிருந்து பதில் கொடுப்பாராம்.

அந்தக் கூட்டணியும் விந்தையானது. இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் லீக்கும் ம.பொ.சி.யும் ஆதித்தனாரும் ஒரே பக்கம். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்த இராஜாஜியே, இந்தியை எதிர்த்து எழுந்த கட்சிக்குத் துணை நின்றார். மீலாத் மேடைகளிலும் கழக மேடைகளிலும் நாகூர் ஹனீபாவின் குரலே ஒலித்தது. காங்கிரஸில் நீடித்த முஸ்லிம்களும் குறைவில்லை. வணிகர்கள், விடுதலைப் போராட்டக் காலத்திலிருந்தே கதர் உடுத்தியவர்கள். பள்ளிவாசலில் இரு சாராரும் ஒரே ஸஃப்பில் நின்றார்கள்.

வாக்குப்பதிவு நாளில் அண்ணனும் தம்பியும் ஒரே மாட்டுவண்டியில் வீட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள் என்று நன்னி சொல்வார். நன்னி யாருக்குப் போட்டார் என்று நான் கேட்டிருக்கிறேன். சிரித்தாரேயொழியக் கடைசிவரை சொல்லவில்லை.

விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்கு வித்தியாசத்தில், மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசனிடம் தோற்றார் என்ற செய்தி வானொலியில் வந்தது. நன்னா அன்று இரவு உண்ணவில்லை. தெருவில் இளைஞர்கள் வெடி கொளுத்த வந்தபோது, வென்ற கட்சிக்காரரான சின்ன நன்னாவே எழுந்து போய், "அடுத்த தெருவில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. இங்கே வேண்டாம்" என்று அனுப்பிவிட்டு, அண்ணனின் திண்ணையில் வந்து உட்கார்ந்தாராம். இருவரும் நெடுநேரம் எதுவும் பேசவில்லையாம். பிறகு நெல் விலையைப் பற்றிப் பேசினார்களாம்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த மாணவரின் தந்தை, "அப்படியானால் எதற்கு வேண்டுமானாலும் போடலாமா, ஹஸ்ரத்? மார்க்கத்துக்கு இதில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருக்கிறது என்றேன். முன்னர்ச் சொன்ன முஃப்தி ஷஃபீ (ரஹ்) வாக்கை மூன்றாகப் பார்த்தார்: இவர் தகுதியானவர் என்று நாம் சொல்லும் ஷஹாதத், அதாவது சாட்சியம்; இவரைத் தேர்ந்தெடுங்கள் என்னும் பரிந்துரை; நமக்காகவும் பிறருக்காகவும் ஒருவரை நியமிக்கும் வகாலத். சாட்சியம் என்றவுடன் சூரா நிஸாவின் 135ஆம் வசனம் முன்னால் வந்து நிற்கிறது. நமக்கே எதிரானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிரானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு கட்டளையிடும் வசனம் அது. வேட்பாளர் நம்மவர் என்பது மட்டும் சாட்சியத்துக்குப் போதாது. அவர் நேர்மையானவரா, ஏழையின் உரிமை அவர் கையில் பாதுகாப்பாக இருக்குமா, தொழுகைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் உயிருக்கும் அவர் கட்சியால் அச்சம் வருமா, அதிகாரத்தில் இருந்தபோது என்ன செய்தார்கள், இவற்றையெல்லாம் பார்த்தாக வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு சாட்சி சொல்பவனுக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அளவுகோல்களை உண்மையாகக் கையில் எடுத்த இருவர், தராசை வேறு வேறு விதமாக நிறுத்து வேறு முடிவுக்கு வரலாம். தேவ்பந்தில் வந்தார்கள், எங்கள் கடை வாசலிலும் வந்தார்கள்.

கலந்தாலோசனையைப் பற்றியும் சொன்னேன். ஹிஜ்ரி 23இல் உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு கிடந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரைக் குறித்தார்கள். அவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), முதலில் தம் பெயரை விலக்கிக்கொண்டார்கள். அதன் பின்னரே மற்றவர்களிடம் கருத்துக் கேட்கப் புறப்பட்டார்கள். மூன்று இரவுகள் சரிவர உறங்கவில்லை. திரைக்குப் பின்னிருந்த பெண்களிடமும், மதீனாவுக்கு வந்திறங்கிய பயணிகளிடமும், மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்களிடமும்கூடக் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். அதன் பிறகே உஸ்மான் (ரலி) அவர்களின் கையில் பைஅத் நடந்தது. நம் ஊர்களில் சில நேரங்களில் நான்கு பேர் ஓர் அறையில் பேசிவிட்டு, தேர்தலுக்கு முந்தைய இரவில் "சமுதாயத்தின் முடிவு" என்று அறிவிக்கிறார்கள். அந்த நால்வருள் யாரேனும் தம் பங்கை முதலில் விலக்கிக்கொண்டார்களா, பெண்களில் ஒருவரையாவது கேட்டார்களா என்பதை அறிந்தபின்பே அந்த அறிவிப்புக்கு நான் எடை தருவேன்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு?"

"மூன்று, ஹஸ்ரத். நான், தம்பி, அம்மா."

"உங்கள் மனைவி?"

"அவள் பெயர் அவளுடைய ஊரிலேயே கிடக்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாச்சு, மாற்றவேயில்லை."

ஓட்டுப் போட ஒரு முறையாவது ஊருக்குப் போனாரா என்று கேட்டேன். இல்லை என்றார். மூன்று வாரங்களாகத் தம்பியோடு அவர் சண்டையிட்டது, அந்த வீட்டில் ஒருவர் இதுவரை இட்டறியாத வாக்கை வைத்துக்கொண்டுதான். பெயரை இந்தத் தொகுதிக்கு மாற்றப் படிவம் 8 இருக்கிறது. இன்னும் நாள் இருக்கிறது. கைப்பேசியிலேயே நிரப்பலாம் என்றேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது, ஹஸ்ரத். எங்கள் வீட்டில் தம்பிதான் அதையெல்லாம் செய்வான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு, விரைவாக நடந்தார்.